வடகரைத் தபால் ஆபீஸில் நடந்த வைத்தியம்

திரையில் டாக்டர் வந்து பேசும் ஏற்பாடு இலத்தூர் சுகாதார நிலையத்துக்கும் வந்துவிட்டது. போன மாதம் முழங்கால் வலிக்காக அங்கே போயிருந்தேன். பணியில் இருந்த நர்ஸ் பெண் ஒரு கர்ப்பிணியைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, திருநெல்வேலியில் இருந்த டாக்டரிடம் பேச வைத்தாள். அந்தக் கர்ப்பிணி வெட்கப்பட்டுக்கொண்டே பதில் சொன்னாள். பத்து நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் இல்லை, வரிசை இல்லை, ஒரு நாள் பிழைப்பும் போகவில்லை.

நர்ஸ் பெண் என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல இப்படியெல்லாம் கிடையாதுல்லா ஆச்சி?" என்றாள்.

"முகம் கிடையாது. குரல் இருந்துச்சு" என்றேன்.

என்னவென்று கேட்டாள். பாதி சொல்வதற்குள் தடுப்பூசிக்குக் குழந்தைகள் வந்து அழ ஆரம்பித்துவிட்டன. அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு. படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்ததற்கு வாங்கிய திட்டும், ஊசி குத்தக் கற்றுக்கொள்ள ஆரஞ்சுப் பழத்தைத் துளைத்ததும்தான் அந்த வருடங்களில் மிச்சம். எழுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இன்று அந்த ஆஸ்பத்திரி இல்லை. அதற்கு வடகரையில் ஒரு கிளை இருந்தது. கிளை என்றால் இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, நான். வாரத்தில் ஒரு நாள் தென்காசியிலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது, முடியாதவர்களைத் தென்காசிக்கு அனுப்புவது என் வேலை. அனுப்புவேன், பாதிப்பேர் போக மாட்டார்கள். நாற்று நடவு நடக்கும்போது யார் போவார்கள்? "நாளைக்குப் போறேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, நோய் முற்றிய பிறகு மாட்டுவண்டியில் வருவார்கள்.

அப்படி வாரம் ஒருமுறை வந்த டாக்டர் சங்கரவடிவு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டையான உருவம், வெளுத்த நூல் சேலை, பெரிய குரல். வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஓ.பி.யில் அவர் பேசினால் தெருவில் கேட்கும். கோபக்காரர் என்று ஊரில் பெயர். எனக்கு அது கோபமாகத் தெரிந்ததில்லை. அவருக்கு அவசரம், அவ்வளவுதான். நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது "ரொம்ப", "லேசா" என்ற வார்த்தைகள் அவருக்குப் பிடிக்காது. "ரொம்பன்னா எவ்வளவுட்டி? தராசுல நிறுத்தியா?" என்பார். நோயின் பெயரை நாம் முந்திக்கொண்டு சொல்லவும் கூடாது. "பாத்ததைச் சொல்லு. நெனச்சதை நான் கேட்கும்போது சொல்லு."

டெலிபோனில் வைத்தியம் என்பது யாரும் திட்டம் போட்டுத் தொடங்கியதில்லை. ஒரு கைக்குழந்தையின் இருமலில் தொடங்கியது. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும் ஒரு வாரமாக நிற்கவில்லை. டாக்டரம்மா வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. குழந்தையின் அப்பா தென்காசிக்குப் போக மறுத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஊரில் அப்போது போன் இருந்தது தபால் ஆபீஸில்தான். போஸ்ட்மாஸ்டர் ஆவுடையப்பன் அண்ணாச்சி அதைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்ணிடம் தென்காசி நம்பரைச் சொல்லிக் காத்திருந்தால் இணைப்பு வரும். மூன்று நிமிடம் ஆனதும் அந்தப் பெண் குறுக்கே வந்து, நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பாள்.

டாக்டரம்மா லைனில் வந்தார். சொன்னேன்.

"இருமலா? எப்படி இருமுது? இருமிக் காட்டு."

"நானா டாக்டரம்மா?"

"பின்ன போஸ்ட்மாஸ்டரா இருமுவாரு?"

இருமிக் காட்டினேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீ இருமுறது எனக்குப் புரியலை. புள்ளையத் தூக்கிட்டு வா. போன் பக்கத்துல இருமட்டும்."

குழந்தையைக் கொண்டுவந்தோம். இருமு என்று சொன்னால் குழந்தை இருமுமா? அது சிரித்துக்கொண்டு போன் கம்பியைப் பிடித்து இழுத்தது. மூன்று நிமிடம் முடிந்து, நீட்டித்து, அதுவும் முடியப் போகும்போது இருமல் வந்தது. விடாமல் இருமி, முகம் சிவந்து, கடைசியில் கூவுவதுபோல் மூச்சை உள்ளே இழுத்தது. நான் ரிசீவரைக் குழந்தையின் வாயருகில் பிடித்திருந்தேன். மறுமுனையிலிருந்து வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கக்குவான் இருமல்! சந்தேகமே இல்லை. வீட்டுல வேற புள்ளைய இருக்கா? பிரிச்சு வை. மருந்து சொல்லுதேன், கேட்டுக்கோ."

குழந்தை பிழைத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் அந்த மருந்தைச் சீக்கிரமே தொடங்கினோம். அதற்குப் பிறகு தினமும் முற்பகலில் டாக்டரம்மாவும் நானும் பேசுவது வழக்கமாயிற்று. ஆஸ்பத்திரி அதற்கு ஏற்பாடு செய்துகொடுத்தது. தபால் கட்டு பிரித்து முடிந்ததும் ஆவுடையப்பன் அண்ணாச்சியே ஆளனுப்புவார்.

அந்தப் பேச்சால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், முதலில் பெண்களைத்தான் சொல்வேன். மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்காக வெள்ளைபடுதல். வாரம் ஒரு நாள் டாக்டரம்மா வரும்போது கூட்டத்தில் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என்னிடம் சொன்னாள். "நீயே போன்ல சொல்லு" என்று தபால் ஆபீஸுக்கு அழைத்துப்போனேன். ரிசீவரை வாங்கியவள் ஆவுடையப்பன் அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு, ஸ்டாம்ப் பெட்டியைப் பூட்டிவிட்டுத் தெருவில் போய் நின்றார். வெயிலில், கையில் குடை இல்லாமல் நின்றார். தபால்தலை வாங்க வந்தவர்களையும் அங்கேயே நிறுத்திவைத்தார். முகம் தெரியாத ஒருவரிடம் சுவரைப் பார்த்தபடி பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. டாக்டரம்மாவும் அன்று சத்தம் போடவில்லை; அவர் பேசியது எனக்கே கேட்கவில்லை. அடுத்த வாரமே அவள் வேறு இரண்டு பெண்களை அழைத்துவந்தாள்.

எல்லாவற்றையும் போனிலேயே முடிக்கலாம் என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதிலும் டாக்டரம்மா கவனமாக இருந்தார். சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூட்டம் வரும்போது, அருவிக்குப் பக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரி முதலுதவி அறை ஒன்று திறக்கும். சில வருடங்கள் அங்கேயும் என்னைப் போட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் வழுக்கி விழுந்து முழங்கை கிழித்துக்கொண்டு வருவார்கள். ஒருநாள் ஒருவரைத் தூக்கிவந்தார்கள்; பாறையில் தலை அடிபட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து பேசினார், டீ கேட்டார். காதிலிருந்து கொஞ்சம் தண்ணீர்போல் ஒழுகியது. அருவியில் குளித்த ஈரம் என்று கூட வந்தவர்கள் துடைத்தார்கள். துடைத்த பிறகும் ஒழுகியது. போன் போட்டு அதைச் சொன்னேன்.

"அது மண்டைக்குள்ள இருந்து வார தண்ணி. இது போன்ல பாக்குற கேஸ் இல்லை. பேசிக்கிட்டு நிக்காத. படுக்க வச்சு வண்டியில ஏத்து. டீ குடுக்காத."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். எதை இங்கே வைத்துக்கொள்ளலாம், எதை உடனே அனுப்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்ல மறுமுனையில் ஒருவர் இருந்ததுதான் பெரிய உதவி.

இனி மாடசாமியின் கதை.

மாடசாமி வடகரையில் நெல் பயிரிட்ட இளம் சம்சாரி. கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. மனைவி பெயர் இசக்கி. ஆனி மாதக் கடைசி. எங்கள் பக்கம் நல்ல வெயில்; மேற்கே மலையில் விடாத மழை. காலையிலேயே ஆற்றில் வெள்ளம் வந்து, தென்காசிக்குப் போகும் வழியில் தரைப்பாலம் மூழ்கிவிட்டது. பஸ் நின்றுவிட்டது. மதியத்துக்கு முன்னால் வயலிலிருந்து மாடசாமியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கைகால் துடித்துக்கொண்டிருந்தது. காலில் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"பாம்பு தீண்டிட்டு சிஸ்டர்! வரப்புல கெடந்தான்" என்றார் தூக்கிவந்தவர்.

கடிவாயைத் தேடினேன். கிடைக்கவில்லை. வரப்பு முள் கிழித்த கீறல்கள் நிறைய இருந்தன. எது கடி, எது கீறல் என்று தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, இரண்டு தெரு தாண்டித் தபால் ஆபீஸுக்கு ஓடினேன். நல்லவேளை, லைன் உடனே கிடைத்தது. பார்த்ததைச் சொன்னேன்.

"கண்மணி எப்படி இருக்கு?"

பார்க்கவில்லை. திரும்பி ஓடினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கறுப்பு மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மறுபடியும் ஓடிவந்து சொன்னேன்.

"உடம்புல ஏதாவது வாடை அடிக்கா?"

அதற்கும் திரும்பி ஓடக் கிளம்பினேன்.

"ஏட்டி, நில்லு! நீ இப்படி ஓடிக்கிட்டு இருந்தா அவன் போயிருவான். போனைத் தூக்கிட்டுப் போக முடியாது. ஆளைத் தூக்கிட்டு வா!"

ஆவுடையப்பன் அண்ணாச்சி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டார். நான் அனுமதி கேட்கவே இல்லை. கவுண்டர் பலகையைத் தூக்கி மடக்கினார். மேசை மேல் இருந்த தபால் பைகளைத் தரையில் தள்ளினார். கட்டிலோடு மாடசாமியைக் கொண்டுவந்தபோது கட்டில் வாசலில் நுழையவில்லை. ஆளை மட்டும் தூக்கித் தபால் மேசையில் படுக்கவைத்தோம். மருந்து அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒரு வாளியில் போட்டு இரண்டு பேர் தூக்கிவந்தார்கள்.

முகர்ந்து பார்த்தேன். பூண்டு அழுகியதுபோல் ஒரு வாடை. சட்டையின் முதுகுப்புறம் நனைந்திருந்தது.

"வேர்வையா பூச்சிமருந்தான்னு அவன் பொண்டாட்டியக் கேளு" என்றார் டாக்டரம்மா.

இசக்கி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டேன்.

"பூச்சிமருந்து அடிக்கப் போனாவ. முதுகுல மாட்டுற டப்பா ஒழுகிச்சு. மாத்துங்கன்னு சொன்னேன், முடிச்சிட்டு வாரேன்னாவ" என்றாள். எல்லாரும் பாம்பு பாம்பு என்று கத்தியதில் அவளை யாரும் கேட்கவில்லை.

சொன்னேன். "பாம்பு இல்லை, பூச்சிமருந்து வெசம்" என்றார். பிறகு டாக்டரம்மா பேசிய விதம் மாறியது. அவசரம் முழுக்கப் போய்விட்டது. சமையல் சொல்லிக்கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"கால் கயித்தை அவுத்து எறி. துணி பூராவும் கழத்து. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லு, தலைமுடியும் சேத்து. கழுவுறவங்க கையில அது படாமப் பாத்துக்கிடட்டும். நீ நரம்பைத் தேடு. அட்ரோபின் எவ்வளவு இருக்கு?"

அந்த விஷத்தை முறிக்கும் ஊசிமருந்து அது; ஒரு பெட்டி இருந்தது. அதைச் சொன்னேன். "பத்தாது. ஆனா ஆரம்பி" என்றார்.

ஊசி போட எனக்கு இரண்டு கையும் வேண்டும். ரிசீவரை யார் பிடிப்பது? இசக்கி வந்தாள். "எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்டாள். என் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை என் கன்னத்தில் பட்டுக்கொண்டே இருந்தது, சில்லென்று இருந்தது.

மருந்து போடுவேன். கொஞ்சம் பொறுத்து நாடியைச் சொல்வேன். நெஞ்சில் சளச்சளவென்று சத்தம் இருக்கிறதா, வாயில் எச்சில் வடிகிறதா என்று சொல்வேன். "இன்னும் போடு" என்பார். நடுவில் எக்ஸ்சேஞ்ச் பெண் குறுக்கே வந்தாள். "மூணு நிமிஷம் ஆயிட்டு" என்று தொடங்கியவள் டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்க வேண்டும். "நீங்க பேசுங்க சிஸ்டர். லைனை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. லைனும் அறுபடவில்லை.

பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. மாடசாமியின் வாய் இன்னும் வடிந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. கடைசி ஊசிகளைக் கையில் எடுத்தபோது சொன்னேன்: "மருந்து முடியப்போகுது டாக்டரம்மா."

"ஊர்ல மாட்டு ஆஸ்பத்திரி இருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"மாட்டு டாக்டர்கிட்ட அட்ரோபின் இருக்கும்ட்டி. அதே மருந்துதான். ஆளை அனுப்பு!"

ஆவுடையப்பன் அண்ணாச்சி தபால்காரருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் சைக்கிள் ஓட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் வரும்வரை மாடசாமியின் தாடையைத் தூக்கிப் பிடித்து, துணியைச் சுற்றிய விரலால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா, "மூச்சு?" என்று கேட்பார். "வருது" என்பேன். மறுபடியும் கேட்பார். மறுபடியும் சொல்வேன். எனக்குப் பயத்தில் அழுகை முட்டியது. தனியாக இருந்திருந்தால் கை தளர்ந்திருக்கும். காதில் அந்தக் குரல் இருந்ததால் அடுத்த வேலையை மட்டும் செய்தேன்.

அண்ணாச்சி மாட்டு டாக்டரையே சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்துவிட்டார். அவர் கொண்டுவந்த குப்பியில் மருந்தின் அளவு எங்களுடையதுபோல் இல்லை. "ஒட்டியிருக்குறதை ஒவ்வொரு எழுத்தா வாசி" என்றார் டாக்டரம்மா. மாட்டு டாக்டர் வாசிக்க, நான் போனில் திருப்பிச் சொன்னேன். டாக்டரம்மா கணக்குப் போட்டு அளவு சொன்னார். அதை மாட்டு டாக்டரும் கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்று தலையசைத்த பிறகுதான் போட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக நாடி ஏறியது. வாய் உலர்ந்தது. நெஞ்சுச் சத்தம் அடங்கியது. அப்போது மாடசாமி திடீரென்று கையைத் தூக்கிக் காற்றில் எதையோ பிடுங்க ஆரம்பித்தான். "களை... களை..." என்று பிதற்றினான். இசக்கி அலறிவிட்டாள், ஆனால் ரிசீவரை விடவில்லை.

"பிதத்துதானா? நல்லது. மருந்து நல்லாப் பிடிச்சிட்டு. இனிமே கொறச்சுப் போடலாம். அவளை அழ வேண்டாம்னு சொல்லு."

சொன்னேன். தபால் ஆபீஸுக்கு வெளியே கூடி நின்றவர்களில் யாரோ, "ஏலே, மாடசாமி வயல்ல களை பறிக்கான்லே!" என்றார். சனங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

சாயங்காலம் வெள்ளம் வடிந்தது. பாலத்தில் இன்னும் முழங்கால் தண்ணீர் இருக்கும்போதே டாக்டரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வந்துவிட்டார். வேறொரு மருந்தும் குளுக்கோஸ் பாட்டில்களும் கொண்டுவந்தார். மாடசாமி தூங்கிக்கொண்டிருந்தான். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "நான் போன்ல நெனச்ச மாதிரியே இருக்கான்" என்றார். என் வேலைக் காலத்தில் நான் வாங்கிய பாராட்டு என்றால் அதுதான். அவனைத் தென்காசிக்குக் கொண்டுபோய்ச் சில நாட்கள் வைத்திருந்து அனுப்பினார்.

தபால் மேசையை அண்ணாச்சி சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தார். மறுநாள் வழக்கம்போல் தபால் கட்டுப் பிரித்தார்.

அந்த வருடமே எங்கள் கிளைக்குத் தனியாகப் போன் வாங்கித்தந்தார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் நின்று பேசும்படி கம்பியை நீளமாக விடச்சொன்னேன். அட்ரோபின் எப்போதும் நிறைய இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். எண்பதுகள் முழுக்க அந்தப் போன் ஓயவில்லை. இலத்தூரிலிருந்துகூட வந்து பேசிவிட்டுப் போனார்கள். தென்காசிக்கு அனுப்ப வேண்டியவர்களை அனுப்பினோம். "டாக்டரம்மாவே வரச்சொல்லுதாவ" என்றால் யாரும் நாளைக்கு என்று சொல்லவில்லை. போனில் அவர் குரலைக் கேட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி அறியாத இடமாக இல்லை.

போன் வந்த புதிதில் ஒரு காலை இசக்கி வந்தாள். டாக்டரம்மாவோடு பேச வேண்டும் என்றாள்.

"மாடசாமிக்கு என்ன?"

"அவுகளுக்கு ஒண்ணும் இல்லை."

"உனக்கா?"

"எனக்கும் ஒண்ணும் இல்லை சிஸ்டர். நல்லாருக்கோம்னு சொல்லணும்."

தென்காசியில் அது ஓ.பி. நேரம். திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் நம்பரைக் கேட்டேன். "டாக்டரம்மா, இசக்கி பேசணுங்கா" என்று மட்டும் சொல்லி ரிசீவரை அவளிடம் கொடுத்தேன். மாடசாமி மேசையில் கிடந்த அன்று அத்தனை நேரம் என் காதில் பிடித்திருந்தவள் அன்றுதான் தன் காதில் வைத்தாள்.

"நான்தான் டாக்டரம்மா, வடகரை இசக்கி. நல்லாருக்கோம். அவுக வயலுக்குப் போயிருக்காவ... இல்லை, மருந்தடிக்க நான் விடுறதில்லை... ஆமா. ஆமா டாக்டரம்மா."

பிறகு டாக்டரம்மா பேச, அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். டாக்டரம்மாவின் குரல் எப்போதும் அறை முழுக்கக் கேட்கும். அன்று எதுவும் கேட்கவில்லை. இசக்கியின் முகம் மெல்லச் சிவந்தது, சிரித்தாள், சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சரி டாக்டரம்மா" என்று சொல்லி, ரிசீவரைப் பச்சைப்பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல் வைத்தாள்.

"என்னட்டி சொன்னாவ?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்குள்ள, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதுவரை டாக்டரம்மா வடகரைக்காரர்களுக்குச் சொன்ன வார்த்தைகளில் பெரும்பாலானவை என் காது வழியாகத்தான் போயிருந்தன. அன்று அவர் இசக்கியிடம் என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதில் எனக்கு நிறைந்த சந்தோஷம்.